சலாமும் மூன்று மாதப் பயணமும்

1951-இல் கேம்பிரிட்ஜிலிருந்து லாகூர் அரசுக் கல்லூரிக்குத் திரும்பிய அப்துஸ் சலாமுக்கு வேலை இருந்தது, இயற்பியல் பேசத்தான் ஆள் இல்லை. கல்லூரியிலோ கால்பந்து அணியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்! 1954-இல் மனமில்லாமல் மீண்டும் கேம்பிரிட்ஜ் போனார். நாடா, ஆராய்ச்சியா என்ற இந்த நெருக்கடி அடுத்தவருக்கு வரக்கூடாது என்று நினைத்தார்.

பணக்கார நாடுகள் பல ஆர்வம் காட்டவில்லை. இத்தாலி இடமும் பணமும் தந்தது. 1964-இல் திரியெஸ்தே நகரில் சர்வதேச கோட்பாட்டு இயற்பியல் மையம் தொடங்கியது.

அதன் 'அசோசியேட்' திட்டத்தில் வளரும் நாட்டு ஆய்வாளர் சில ஆண்டுகளுக்குள் மூன்று முறை வந்து சில மாதங்கள் தங்கலாம். பயணச் செலவு மையத்துடையது. முக்கிய நிபந்தனை, மற்ற நாட்களில் வளரும் நாட்டில்தான் வேலை பார்க்க வேண்டும். (இதுதான் விஷயமே!)

சலாம் மட்டும் லாகூர் வேலைக்குத் திரும்பவேயில்லை.