ஓர் இருபத்தோரிலக்க எண்ணின் வரலாறு

இரண்டின் 67ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழிக்க வருவது 147573952589676412927 என்னும் எண்ணாகும். பிரெஞ்சுத் துறவியான மரென் மெர்சென் 1644இல் வெளியிட்ட நூலொன்றில் இது முதன்மை எண்ணெனக் கூறப்பட்டது. 257 வரையான அடுக்குகளுள் இவ்வகையில் முதன்மை எண்ணைத் தருவன பதினொன்றே எனப் பட்டியலிட்ட அவர், அதற்கு நிறுவல் தந்தாரல்லர். இத்துணைப் பெரிய எண்ணை வகுத்து வகுத்துச் சோதித்தல் ஒருவரின் ஆயுளுக்குள் அடங்குவதன்று. எனவே 232 ஆண்டுகளாக மெர்செனின் பெயரே இக்கூற்றுக்கு ஆதாரமாக நின்றது எனலாம்.

1876இல் பிரெஞ்சுக் கணிதர் எடுவார் லூக்கா, தாம் கண்ட புதிய சோதனைமுறை ஒன்றினால் இவ்வெண் முதன்மை எண் அன்றென நிறுவினார். வியப்பு யாதெனில், அதன் காரணிகளுள் ஒன்றையேனும் அவர் அறிந்திலர். களவு நிகழ்ந்தது திண்ணம். கள்வன் யாரென்பது தெரியாது.

1903 ஒக்டோபர் 31ஆம் நாள் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் நியூயோர்க் கூட்டத்தில், கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் அக்காரணிகளை அறிவித்தார். அவை 193707721, 761838257287 என்பன. அன்று அவர் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையின் ஒருபுறம் அடுக்கைக் கணித்து, மறுபுறம் இரு காரணிகளையும் பெருக்கி, இரு விடைகளும் ஒன்றெனக் காட்டி அமர்ந்தார் என்றும், இதற்கு மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன எனப் பின்னர் கூறினார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அதனைப் பரப்பியது எரிக் ரெம்பிள் பெல் 1951இல் எழுதிய நூலாகும். கோல் மறைந்ததோ 1926இல். பெல் கொலம்பியாவில் 1912இல் கலாநிதிப் பட்டம் பெற்றவராதலின் கோலை நேரில் அறிந்தவரே. ஆயினும் சுவைக்காக வரலாற்றை வளைத்தவர் என்ற குற்றச்சாட்டும் அவர்மீது உண்டு.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கையேனும் சோதித்துப் பார்க்கலாம். இவ்வெண்ணின் காரணி எதுவாயினும் 134இன் மடங்கொன்றுடன் ஒன்று கூட்ட வருவதாதல் வேண்டும். அதனை எட்டால் வகுக்க மீதி 1 அல்லது 7 ஆதல் வேண்டும். சிறிய காரணி 134 × 1445580 + 1 ஆகும். வரிசையாகச் சோதித்திருப்பின் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட எண்களை அவர் கடந்திருத்தல் வேண்டும். 156 ஞாயிறுகளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு நாலாயிரத்து அறுநூறுக்கு மேல்! சிறு எண்களால் வகுபடுவனவற்றை ஒதுக்கினும் எஞ்சுவன பல்லாயிரம். கோல் அவ்வாறு செய்தாரல்லர். 1903 டிசெம்பரில் கழகத்தின் ஏட்டில் வெளியான அவரது கட்டுரையின்படி, இருபடி மீதிகளைக் கொண்டு பொருந்தா எண்களைக் கூட்டங்கூட்டமாக விலக்கியே காரணியை அணுகினார். கதையில் மௌனம் நிற்கின்றது, இம்முறையோ மறைந்துவிட்டது.

மெர்செனின் பட்டியலுக்கு வருவோமாயின், 67 என்பது 61இன் அச்சுப்பிழையென அவருக்காக வாதிட்டோரும் உளர். 61ஆம் அடுக்கு முதன்மை எண் தருவது 1883இல் நிறுவப்பட்டது உண்மையே. ஆயின் 89உம் 107உம் பட்டியலில் விடுபட்டுள்ளன. 257 தவறாக இடம்பெற்றுள்ளது. இவற்றுக்கும் அச்சகத்தாரைக் குறைகூறுதல் இயலாது.