ப்ளூஸ் என்னும் பெயர்

2019ஆம் ஆண்டு ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பைக்கான பந்தயத்தில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணி வரிசையாக நான்கு அணிகளை எதிர்கொண்டது. வின்னிபெக் ஜெட்ஸ், டாலஸ் ஸ்டார்ஸ், சான் ஹோசே ஷார்க்ஸ், பாஸ்டன் புரூயின்ஸ். போர்விமானம், விண்மீன், சுறா, கரடி. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணிகளுக்கு இப்படித்தான் பெயர் வைப்பார்கள். பெயரைக் கேட்டாலே எதிராளி ஓர் அடி பின்வாங்க வேண்டும். இந்த நால்வரையும் வென்று கோப்பையைத் தூக்கிய அணியின் பெயரோ துயரப் பாட்டு ஒன்றிலிருந்து வந்தது.

அந்தப் பெயரின் கடைசியில் நிற்கும் ‘ஸ்’ஸிலிருந்தே தொடங்கலாம். ஷார்க்ஸ் என்றால் பல சுறாக்கள். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு சுறா. ப்ளூஸ் என்பதில் உள்ள பன்மைக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தொடர்பில்லை. அது பேய்களின் பன்மை. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் மனச்சோர்வு பிடித்தவரை ‘நீலப் பேய்கள்’ பிடித்ததாகச் சொல்வார்கள். 1798இல் ஜார்ஜ் கோல்மன் எழுதிய சிறு நாடகம் ஒன்றுக்கு இதுவே தலைப்பு. பேச்சுவழக்கில் பேய்கள் உதிர்ந்துபோயின, நிறமும் பன்மை விகுதியும் மட்டும் ஒட்டிக்கொண்டன. ஆங்கிலத்தில் நீலத்துக்கும் துயரத்துக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரே கண்ணீருக்கு நீல நிறம் தந்திருக்கிறார். தமிழில் நீலம் திருமாலின் மேனி, குவளை, கடல், நஞ்சுண்ட கண்டம். துயரத்தை நாம் அதன் மேல் ஏற்றவில்லை. அதனால் இந்தச் சொல்லின் கனம் நமக்கு எடுத்த எடுப்பில் பிடிபடுவதில்லை.

1862 டிசம்பரில் தென் கரோலினாவின் செயின்ட் ஹெலெனா தீவில், அடிமைத்தளை நீங்கிய மக்களுக்கு எழுத்தறிவிக்கச் சென்றிருந்த சார்லட் ஃபோர்டன் என்ற கறுப்பின ஆசிரியை, ஒருநாள் மனம் சோர்ந்து அறைக்குத் திரும்பியதைத் தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். அந்தச் சோர்வுக்கு அவர் இட்ட பெயர் ப்ளூஸ். அப்போது அது மனநிலைக்கு மட்டுமே பெயர். இசைக்குப் பெயராக அச்சேறுவதற்கு அதன்பின் ஐம்பது ஆண்டுகள் ஆயின.

அப்படி அச்சேற்றியவர்களில் முதன்மையானவர் டபிள்யூ. சி. ஹாண்டி. அலபாமா மாநிலத்தில் 1873இல் பிறந்தவர். இருபது வயதை ஒட்டிய பருவத்தில் வேலை தேடி செயின்ட் லூயிஸுக்கு வந்தார். வேலை கிடைக்கவில்லை. மிசிசிப்பி ஆற்றங்கரையின் கல் பாவிய துறையில் படுத்துறங்கிய இரவுகளைப் பின்னாளில் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த நகரின் இருண்ட தெரு ஒன்றில் ஒரு பெண் தள்ளாடி நடந்தபடி தன் கணவனின் கல்நெஞ்சைச் சொல்லிப் புலம்பியதை அவர் கேட்டார். அந்தக் குரல் இருபது ஆண்டுகள் அவருக்குள் கிடந்தது. 1914இல், மெம்ஃபிஸ் நகரில் இருந்தபோது, அதை வைத்து ஒரு பாட்டு எழுதினார். பாட்டின் பெயர் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’.

அந்தப் பாட்டின் அமைப்பு இந்தப் பெயரின் வரலாற்றுக்கு முக்கியம். ஹாண்டி அதை வெறும் ஒப்பாரியாக விட்டுவிடவில்லை. கேட்பவர்களை ஆட வைக்க வேண்டும் என்று டாங்கோ தாளத்தை நடுவே புகுத்தினார். மெட்டில் ‘நீலச் சுரங்கள்’ விழுந்தன. நம் சங்கீதப் பழக்கத்தில் சொன்னால், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே எதிலும் முழுதாக உட்காராமல் இழையும் சுரம் அது. 1925இல் பெஸ்ஸி ஸ்மித் பாட, லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் வாசித்த ஒலித்தட்டில் இதைக் கேட்கலாம். துயரத்தைச் சொல்லிக்கொண்டே அதன் மேல் ஏறி நிற்கும் குரல் பெஸ்ஸியுடையது. என் கணிப்பில் ப்ளூஸ் என்ற சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருளைவிட நிறைவான விளக்கம் அந்த மூன்று நிமிடம்தான்.

1967இல் நேஷனல் ஹாக்கி லீக் தன் ஆறு அணிகளைப் பன்னிரண்டாகப் பெருக்கியது. செயின்ட் லூயிஸில் சிட்னி சாலமனும் அவர் மகனும் ஓர் அணியை வாங்கினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் மெர்குரி விண்கலம் அந்த ஊரின் மெக்டொனல் தொழிற்சாலையில் உருவாகியிருந்தது. அதனால் அணிக்கு விண்வெளி சார்ந்த பெயர்களும் பேச்சில் அடிபட்டன. சாலமன் ஹாண்டியின் பாட்டையே தேர்ந்தெடுத்தார். சிறகு முளைத்த இசைக்குறி சட்டையில் ஏறியது. உள்ளூர் ரசிகர்கள் இன்றும் அணியைச் செல்லமாக ‘நோட்’ என்கிறார்கள். பழைய அரீனா அரங்கில் ஆர்கன் வாசித்த நார்ம் கிரேமர், புனிதர்கள் அணிவகுத்து வருவதைப் பாடும் கிறித்தவ மெட்டை எடுத்து, புனிதர்களின் இடத்தில் ப்ளூஸை வைத்து ரசிகர்களைப் பாட வைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் 1764இல் நிறுவி, ஒன்பதாம் லூயி என்ற புனித மன்னனின் பெயரைச் சூட்டிய நகரத்துக்கு இந்த மாற்றம் நன்றாகவே பொருந்தியது.

களத்தில் பெயரின் பழைய பொருள் விடவில்லை. புதிய அணிகள் ஆறையும் ஒரே பிரிவில் போட்டிருந்ததால் அவற்றில் ஒன்று இறுதிக்கு வருவது உறுதி. 1968, 1969, 1970 மூன்று ஆண்டும் ப்ளூஸ் வந்தது. முதல் இரண்டில் மான்ட்ரியாலிடமும் மூன்றாவதில் பாஸ்டனிடமும், பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லாமல் தோற்றது. பாஸ்டனின் பாபி ஓர் என்ற ஆட்டக்காரர் 1970 இறுதியில் கோல் அடித்துவிட்டுக் காற்றில் பறக்கும் அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தில் தோற்றுக்கொண்டிருப்பது ப்ளூஸ்தான். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு இறுதிச்சுற்றே இல்லை.

1983இல் பெயருக்கே ஆபத்து வந்தது. உரிமையாளரான ரால்ஸ்டன் பியூரினா நிறுவனம் அணியைக் கனடாவின் சஸ்கட்டூனுக்கு விற்கப் பார்த்தது. லீக் மறுத்தது, ஹாரி ஓர்னெஸ்ட் என்பவர் வாங்கி ஊரிலேயே நிறுத்தினார். விற்பனை நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு, நியூ ஆர்லியன்ஸிலிருந்து 1979இல் யூட்டாவுக்குப் பெயர்ந்த ஜாஸ் கூடைப்பந்து அணி சாட்சி. ஜாஸ் என்ற பெயர் அங்கே வெறும் ஒலியாக நிற்கிறது. ப்ளூஸுக்கு அந்த நிலை வராமல் போனதை நான் பெரிய பேறாகவே கருதுகிறேன்.

2018-19 பருவமும் பழைய பொருளில்தான் தொடங்கியது. நவம்பரில் பயிற்சியாளர் மைக் யோ நீக்கப்பட்டு கிரெய்க் பெரூபி தற்காலிகமாக அமர்த்தப்பட்டார். ஜனவரி 3 காலையில் 31 அணிகளில் கடைசி இடம். மூன்று நாள் கழித்து, ஆட்டக்காரர்கள் சிலர் ஃபிலடெல்ஃபியாவின் மதுக்கூடம் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது ‘குளோரியா’ பாட்டு ஒலித்து, கூடமே குதூகலித்தது. உம்பெர்டோ டோட்ஸி 1979இல் இத்தாலிய மொழியில் பாடி, 1982இல் லாரா பிரானிகன் ஆங்கிலத்தில் பாடிய பாட்டு அது. மறுநாள் ஜோர்டன் பின்னிங்டன் என்ற புதுமுக கோல்கீப்பர் தன் முதல் முழு ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடாமல் 3-0 என்று வெல்ல வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் குளோரியாதான். பாட்டின் பெயரைச் சூடிய அணி தன் வெற்றிக்கு வேறொரு பாட்டைத் தேடிக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை. ஹாண்டியும் டாங்கோவை வெளியிலிருந்துதான் எடுத்துவந்தார்.

பிப்ரவரிக்குள் தொடர்ந்து பதினொரு வெற்றிகள். வழக்கமான பருவத்தின் முடிவில் 99 புள்ளிகள். கோப்பைச் சுற்றுகளில் டாலஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டம் இரண்டாவது கூடுதல் நேரம் வரை நீள, கோல் அடித்து முடித்து வைத்தவர் பாட் மரூன். செயின்ட் லூயிஸ் பகுதியில் பிறந்து, இந்த இசைக்குறியைப் பார்த்தே வளர்ந்தவர். மே 29 அன்று பாஸ்டனில் இறுதிச்சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் கார்ல் குன்னார்ஸன் அடித்த கோல், இறுதிச்சுற்றில் ப்ளூஸ் கண்ட முதல் வெற்றி. ஜூன் 12 அன்று ஏழாவது ஆட்டத்தின் முதல் பகுதியில் பாஸ்டன் பன்னிரண்டு முறை கோலை நோக்கி அடித்தது. பன்னிரண்டையும் பின்னிங்டன் தடுத்தார். ப்ளூஸ் அடித்தது நான்கே முறை. அதில் ரயன் ஓ’ரைலியும் அலெக்ஸ் பியட்ராஞ்சலோவும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். ஆட்டம் 4-1 என்று முடிந்தது. கோப்பையின் வளையத்தில் சாம்பியன் அணிகளின் பெயர்களைப் பொறிப்பது வழக்கம். கரடி, சிறுத்தை, பெங்குவின் பெயர்கள் சுற்றி நிற்கும் அந்த வெள்ளியில் ஹாண்டியின் பாட்டும் ஏறியது.