எலி பிடித்த பூனையும் இனிப்பு நீரும்

கோலகங்சாருக்கு 1879-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இசபெல்லா பர்டு என்னும் ஆங்கில மாது யானையேறி வந்து சேர்ந்தபோது, பேராக் நாட்டின் பிரிட்டிஷ் ரெசிடெண்டு ஹ்யூ லோ துரை வெளியூர் போயிருந்த காரணத்தால், பங்களாவின் போஜன மேஜையில் அம்மாளுக்குத் துணையாக உட்கார்த்தி வைக்கப்பட்டவை மஹ்மூது, இப்லீஸ் என்ற பெயர் கொண்ட இரண்டு குரங்குகள் என்பதும், அவற்றுக்கும் அவருக்கும் ஒரே விதமான பீங்கான் தட்டுகளில் உணவு பரிமாறப்பட்டது என்பதும், 1883-இல் அவர் வெளியிட்ட பிரயாண நூலில் பதிவாகியிருக்கின்றன. அதே லோ துரையின் காலத்தில், 1877-இல், அவ்வூரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளின் இனத்தை நம்பியே பின்னாளில் கங்காணிகளின் பின்னே ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்கள் கடல் கடந்து பேராக் நாட்டுக்கு வந்தன. குரங்குக்கு அன்று கிடைத்த அந்த மேஜை மரியாதை, தமிழன் வாழ்ந்த லயம் என்னும் வரிசைக் குடியிருப்பின் வாசலில் படுத்திருந்த பூனைக்குக் கிடைப்பதற்கு ஏறத்தாழ நூறு வருஷம் செல்ல வேண்டியிருந்தது. கிடைத்தபோது அது இனிப்பு நீர் என்னும் நீரிழிவு நோயோடு சேர்ந்தே கிடைத்தது என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் விசேஷம்.

தோட்டத்துப் பூனை செல்லப்பிராணியன்று. கூலி வாங்காத ஊழியன். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த அரிசியை மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கித் தொழிலாளருக்கு அளந்து கொடுத்து, சம்பள நாளில் அதன் விலையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் தோட்ட நிர்வாகங்களில் இருந்தது. அரிசி இருந்த இடத்துக்கு எலி வந்தது, எலி வந்த இடத்துக்குப் பூனை வந்தது. விடிவதற்கு முன்னே பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு ஓடி, நானூறு ஐந்நூறு பால்மரங்களை வெட்டி, மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பிற்பகலில் வீடு திரும்பும் தாய், சட்டியின் அடியில் எஞ்சிய சோற்றோடு கருவாட்டுத் தலையைப் பிசைந்து வாசற்படியில் வைத்தால் அது பூனையின் பாக்கியம். மற்றபடி அதன் ஆகாரம் அதன் சாமர்த்தியத்தைப் பொறுத்தது.

இதனைக் கருணைக் குறைவென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூனை சுத்த மாமிச பட்சிணி; மாவுப் பண்டத்தில் விளையும் சர்க்கரையை விரைந்து கையாளுவதற்கு நம்முடைய ஈரலில் உள்ள ஒரு முக்கியமான நொதி, பூனையின் ஈரலில் மிகவும் சொற்பம். டாரின் என்னும் சத்து உணவில் இல்லாவிட்டால் பூனையின் கண் கெடும் என்று விஞ்ஞானிகள் 1975-இல் வெளியிட்டார்கள். அச்சத்து எலியின் உடலில் தாராளமாக இருக்கிறது. ஆகவே, வைத்தியர் எவரும் எழுதிக் கொடுக்காமலே, மாவு குறைந்து புரதம் மிகுந்த பத்தியத்தைத் தோட்டத்துப் பூனை அனுசரித்து வந்தது. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைக் கம்பர் அவையடக்கத்தில் காட்டியது முதல், பூனைக்குப் பாலே பரம பிரியம் என்று தமிழர் நம்பி வந்திருக்கிறோம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் ஜீரணமாவதே இல்லை என்பதும், மலாயாவில் நாம் வாங்கிய சர்க்கரை கலந்த டின் பால் அதற்கு இன்னும் ஆகாது என்பதும் வேறு விஷயம்.

பூனை ஊழியன்தான் என்பதற்குச் சரவாக் சாட்சி சொல்லும். மலேரியாக் கொசுவை ஒழிக்க மருந்தடித்த காலத்தில் அங்கே உள்நாட்டுக் கிராமங்களில் பூனைகள் மடிந்து எலி பெருகிவிட்டதாகக் கண்டு, 1960-இல் பிரிட்டிஷ் விமானப் படையினர் பாரியோ மேட்டு நிலத்தில் பூனைகளைப் பாராசூட்டு மூலம் இறக்கினார்கள். எத்தனை பூனைகள் என்பதில் கதை சொல்வோர் ஆளுக்கொரு கணக்குச் சொல்லுகிறார்கள்.

இனி அந்த நோய்க்குப் போடும் ஊசிக்கு வருவோம். தோட்டத்து ஜனங்கள் ஊசியை அறிந்தது டிரெசரின் கையால். சட்டத்தின் நிர்ப்பந்தத்தினால் தோட்டங்கள் நடத்திய ஆஸ்பத்திரிகளில், டாக்டர் எப்போதாவது வந்து போகும் விருந்தாளி. அன்றாட வைத்தியம் முழுவதும் டிரெசர் என்ற உதவியாளரின் பொறுப்பு. கண்ணாடி ஸிரிஞ்சைக் கொதிநீரில் போட்டெடுத்து, ஒரே ஊசியைக் கல்லில் தீட்டித் தீட்டிப் பலருக்குப் பிரயோகித்த அந்தக் காலத்தில், ஊசி என்பது வீட்டுக்குள் புகும் பொருளன்று. அதற்கு அதிகாரி ஒருவர் வேண்டும், அவருக்கு முன்னே வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த ஊசியில் பிற்பாடு ஏறிய இன்சுலின் மருந்தோ, ஆதி முதல் விலங்குகளின் தானம். 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் மிங்கோவ்ஸ்கியும் மேரிங்கும் நாயின் கணையத்தை நீக்கிப் பார்த்தபோதுதான் அதற்கு இனிப்பு நீர் கண்டது. 1921-இல் டொரண்டோவில் பாண்டிங், பெஸ்ட் இருவரும் நாய்களைக் கொண்டே கணையச் சாற்றின் குணத்தை நிரூபித்தார்கள். 1922 ஜனவரி 11-ஆம் தேதி லியோனார்டு தாம்ஸன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டு, சாறு அசுத்தமாயிருந்ததால் பயன் போதாமல், காலிப் என்பவர் அதனைச் சுத்தி செய்து கொடுத்த பின்பு, அதே மாதம் 23-ஆம் தேதி போட்ட ஊசியே பலித்தது. மருந்தின் அளவைக் குறிக்கும் யூனிட்டைக்கூட ஆரம்பத்தில் முயலைக் கொண்டுதான் நிர்ணயித்தார்கள்: ஒரு நாள் பட்டினி கிடந்த இரண்டு கிலோ முயலின் ரத்தச் சர்க்கரையை வலிப்புக் காணும் மட்டத்துக்கு இறக்க எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு. மருந்துக்கு மூலப்பொருள், கசாப்புச் சாலைகளில் சேகரித்த மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்கள். 1982-இல் நுண்ணுயிரிகளைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு வரும் வரையில், பசுவைப் பூஜிப்பவரும் பன்றியை விலக்குபவரும் ஏறக்குறைய ஒரே குப்பியிலிருந்து பிராணனைக் காத்துக்கொண்டார்கள். இதைப் பற்றி எந்த லயத்திலும் பெரிய விவாதம் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அந்தக் குப்பியும் அரிதாயிற்று. ஈப்போ புரூஸ்டர் ரோட்டில் கிளினிக் நடத்திய டாக்டர் கார்த்திகேசுவும் அவர் மனைவி சிபில் கார்த்திகேசுவும் பாப்பான் கிராமத்துக்குக் குடிபெயர்ந்து, காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு மறைவாக வைத்தியம் பார்த்ததற்காக 1943-இல் அந்த அம்மையார் சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளானது பேராக் மக்கள் மறவாத செய்தி. மருந்து கொடுப்பதே குற்றமான காலம் அது. அதே யுத்தத்தில் ஷாங்காய் நகரத்தில் ஏவா சாக்ஸ்ல் என்ற மாது, கடைகளில் இன்சுலின் அற்றுப்போகவே, எருமைக் கணையத்திலிருந்து தாமே அதைத் தயாரித்துத் தாமும் பிழைத்து, வேறு பல நோயாளிகளையும் பிழைக்க வைத்தார்.

யுத்தத்துக்குப் பிந்திய கால் நூற்றாண்டு, தோட்டங்களின் அஸ்தமன காலம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட, துண்டாடலில் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தோர் பலர். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன், தொழிலாளரிடமிருந்தே சிறு தொகைகளைத் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தொடங்கிச் சில தோட்டங்களைக் காப்பாற்றினார் என்றாலும், எஞ்சிய இடங்களில் பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு எலி பரம சத்துரு. ஆனால் துரைமார்கள் இம்முறை பூனையை அழைக்கவில்லை. விஷம் வைத்தார்கள், அது போதாதபோது பெட்டிக் கூடு கட்டிக் கூகையை வளர்த்தார்கள். பூனைக்கு உத்தியோகம் போயிற்று.

அதன் எஜமானர்களுக்கும் அப்படியே. ஈப்போவைச் சுற்றி எழுந்த தாமான் என்னும் குடியிருப்புகளின் வரிசை வீடுகளில் குடியேறிய குடும்பங்களில், அன்று மேடு பள்ளத்தில் ஏறி இறங்கி மரம் வெட்டிய கால்கள் தொழிற்சாலை வாசலிலும் மேஜையடியிலும் ஓய்ந்தன. உழைப்புக்கென்று ஏற்பட்ட சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. மலேசியாவின் மூன்று பெரிய சமூகங்களில் இனிப்பு நீர் அதிகம் கண்டது இந்தியரிடத்தில் என்று தேசியச் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கின்றன. பூனைக்கோ, திருடரும் வாகனங்களும் பெருகிய தெருவில் இறங்க விடாத கம்பிக் கதவும், கருத்தடை அறுவையும், பையில் வாங்கி நாள் முழுதும் தட்டில் கொட்டி வைக்கும் மாவு மிகுந்த உலர் தீனியும் வாய்த்தன. எலி பிடிக்காத, ஓடாத, பருத்த, நடுவயது கடந்த ஆண் பூனைக்கே இந்நோய் மிகுதி என்று மிருக வைத்தியர்கள் சொல்வதைக் கேட்கும்போது, அது பூனையின் வர்ணனையா, அந்த வீட்டுப் பெரியவரின் வர்ணனையா என்று ஒரு கணம் மயக்கம் உண்டாகிறது.

பூனையின் நீரிழிவு நம்முடைய இரண்டாம் வகையை ஒத்தது. இதைப் பற்றிய அறிவுக்கும் பூனையே விலை கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் லாங், லூகென்ஸ் என்ற இருவர், கணையம் நீக்கிய பூனைகளுக்கு, ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரீனல் சுரப்பியையும் நீக்கினால் சர்க்கரை தணிவதை 1936-இல் காட்டினார்கள். அரிப்புக்கென்று போடும் ஸ்டீராய்டு ஊசி பூனைக்கு ஏன் இந்நோயைத் தூண்டுகிறது என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம். மாட்டு இன்சுலினின் அமைப்பை ஸாங்கர் 1955-இல் முழுதும் வெளிப்படுத்தினார். பின்பு ஒப்பிட்டுப் பார்த்ததில், பூனையின் இன்சுலினுக்கும் மாட்டினதற்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம் என்று தெரிந்தது. அதனால் மாட்டு மருந்து பூனைக்கு இசைந்தது. மனிதருக்கு அது வேண்டாததாகிச் சந்தையிலிருந்து மறையத் தொடங்கியபோது பூனை வைத்தியம் தடுமாறிற்று. பன்றிக் கணையத்திலிருந்து செய்து, நாய்க்கும் பூனைக்குமென்றே விற்கும் மருந்தும், மனிதருக்காக ஏற்பட்ட கிளார்ஜின் என்ற இன்சுலினும் அந்த இடத்தை நிரப்பின. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து சர்வகலாசாலையார், மாவு மிகக் குறைந்த உணவோடு கிளார்ஜினை நாளைக்கு இரண்டு வேளை கொடுத்து, நோய் புதிதாகக் கண்ட பூனைகளில் பெரும்பாலானவற்றை ஊசியே தேவையில்லாத நிலைக்குக் கொண்டுவந்தார்கள். தோட்டத்துப் பூனையின் பழைய பத்தியம் இப்படிப் பரிசோதனைச் சாலை வழியாகத் திரும்பி வந்தது.

இன்றைய தாமான் வீட்டு நியமம், பழைய பெரட்டைவிடக் கண்டிப்பானது. காலை ஏழு, மாலை ஏழு. முதலில் ஈரமான மாமிச உணவு. பூனை உண்கிறதா என்று கண்ணால் கண்ட பிறகே, கழுத்துக்குப் பின்புறத் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசி. உண்ணாமல் முகம் திருப்பினால் வழக்கமான அளவைப் போடலாகாது. மிருக வைத்தியரைக் கேட்க வேண்டும். சர்க்கரை மிகவும் இறங்கி, நடை தள்ளாடி, பார்வை மங்கினால், ஈறில் தேனோ சர்க்கரைப் பாகோ தடவிக்கொண்டே கிளினிக்குக்கு ஓட வேண்டும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடுவது ஆபத்து.

ஆனால் எனக்குப் பெரிய அபாயமாகத் தோன்றுவது குளிர்பெட்டியின் கதவுத் தட்டு. அங்கே பாட்டியின் குப்பியும் பூனையின் குப்பியும் அருகருகே நிற்கின்றன. மலேசியாவில் மனித மருந்து ஒரு மில்லியில் நூறு யூனிட். பிராணிகளுக்கென்று விற்பதில் பெரும்பான்மை நாற்பது. பூனையின் நாற்பது ஸிரிஞ்சால் பாட்டியின் மருந்தை எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். மாற்றி எடுத்தால் பாதிக்கும் குறைவே சேரும். இந்தியாவிலோ மனிதருக்கே நாற்பது யூனிட் குப்பி இன்றும் பரவலாக விற்கிறது. ஊருக்குப் போய் வந்த உறவினர் விலை மலிவென்று சிவப்பு மூடி ஸிரிஞ்சுகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தால், அவை பூனைக்குப் பொருந்தும், பாட்டிக்குப் பொருந்தா. “அம்மா, பூனைக்குப் போட்டாச்சு, நீங்க போட்டுக்கிட்டீங்களா?” என்று மகள் அடுப்படியிலிருந்து கேட்பது அத்தகைய வீட்டில் சாதாரண சம்பாஷணை. ஒரு காலத்தில் டிரெசரின் முன்னே கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்ட அதே பெண்மணி, இன்று தமக்குத் தாமே போட்டுக்கொள்கிறார்.

தீபாவளிக்கு வெளியூர் செல்லும்போதுதான் சங்கடம். அண்டை வீட்டு மலாய் அம்மாள் பூனை மீது உயிராக இருப்பவர். உணவு வைப்பதில் நம்மையே மிஞ்சுவார். எனினும் பன்றி சம்பந்தமான மருந்தைக் கையாளச் சொல்லி அவரைக் கேட்கலாமா என்ற தயக்கம் நியாயமானதே. கிளார்ஜின் நுண்ணுயிரியின் உதவியால் உண்டாவதால், மருந்தை முதலில் தீர்மானிக்கும்போதே வீட்டாரின் இந்த நிலைமையையும் வைத்தியரிடம் சொல்லிவிடுவது உசிதம். 2022 டிசம்பரில் அமெரிக்க அரசாங்கம் பூனைகளுக்கென்று ஒரு மாத்திரையை அனுமதித்தது. தினம் ஒன்று, ஊசி வேண்டாம். ஆயினும் முன்பே இன்சுலின் போட்டுக்கொண்ட பூனைக்கு அதைக் கொடுக்கலாகாது என்று அந்த அனுமதியிலேயே கண்டிருப்பதால், குளிர்பெட்டியில் இரண்டு குப்பிகள் வைத்திருக்கும் வீடுகளில் காலை ஏழும் மாலை ஏழும் மாறுவதற்கில்லை.