தானே வாசிக்கும் குழந்தைக்கு எந்த நூல்? தொடக்கநிலை வாசகர் நூல் பரிந்துரையில் மொழியின் இடம்

புத்தகக் காட்சியில் சிறுவர் நூல்கள் விற்கும் அரங்கில் சிறிது நேரம் நின்றால் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும்: “ஒண்ணாவது படிக்கிற பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கலாம்?” விற்பனையாளர் படமும் பளபளப்பும் உள்ள ஒன்றை எடுத்துக் கொடுப்பார். ஆசிரியரைக் கேட்டால் நல்லொழுக்கம் சொல்லும் கதைத் தொகுப்பைக் காட்டுவார். எழுத்தாளர் தம் சிறுவயதில் விரும்பிய நூலைச் சொல்வார். எவருடைய பதிலிலும் அக்கறைக்குக் குறைவில்லை. ஆனால் அந்த நூலை யார் வாசிக்கப்போகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. அம்மா மடியில் வைத்து வாசித்துக் காட்டப்போகிறாரா, குழந்தை தானே எழுத்துக்கூட்டி வாசிக்கப்போகிறதா? இவை இரண்டு வேறு செயல்கள். இரண்டுக்கும் வேறு வேறு நூல்கள் வேண்டும். வாசித்துக் காட்டும் நூலில் சொல் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். பெரியவரின் குரல் அதைச் சுமந்துகொள்ளும். தானே வாசிக்கும் நூலில் ஒவ்வொரு சொல்லையும் ஆறு வயதுக் கண்ணும் நாவும் தனியே கடக்க வேண்டும்.

தமிழில் சிறுவர் நூல் பரிந்துரைகள் வயது, கருப்பொருள், நீதி, விருது ஆகியவற்றைக் கொண்டே அமைகின்றன. தொடக்கநிலை வாசகரைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பார்க்க வேண்டியது நூலின் வாக்கியம். அந்த வாக்கியத்தை அளக்கத் தமிழின் இயல்பிலிருந்தே அளவுகோல் எடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விருதுகளை முதலில் எடுத்துக்கொள்வோம். சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் வழங்கி வருகிறது. தமிழில் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020), உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023), விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ (2025) ஆகியவை இவ்விருதைப் பெற்றன. தமிழ்ச் சிறார் இலக்கியம் துணிவோடு புதிய பொருள்களைத் தொட்டதற்கு இவை சான்று. பரிசுக்கு முழுத் தகுதி உடையவை. ஆயினும் இவை மூன்றும் சரளமாக வாசிக்கப் பழகிவிட்ட பிள்ளைகளுக்கான நாவல்கள். அந்தச் சரளத்தை அடைவதற்கு முன் இரண்டு மூன்று ஆண்டுகள் குழந்தை எதை வாசித்தது என்ற கேள்வி விருதுப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. அமெரிக்க நூலகச் சங்கம் தொடக்கநிலை வாசகர் நூல்களுக்கென்றே தியோடர் சூஸ் கைசல் பெயரில் தனி விருதை 2006 முதல் வழங்குகிறது. ஆறு வயதினருக்கு எழுதுவது தனித் திறன் என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது.

அந்தக் கைசல்தான் டாக்டர் சூஸ் என்ற பெயரில் எழுதியவர். பள்ளி வாசிப்பு நூல்கள் உப்புச் சப்பற்றவை என்று எழுத்தாளர் ஜான் ஹெர்சி 1954இல் ஒரு கட்டுரையில் கடுமையாகக் குறைகூறினார். அந்தச் சூழலில் ஒரு பதிப்பாளர் கேட்டுக்கொண்டதன்பேரில், குறிப்பிட்ட சொற்பட்டியலுக்குள் நின்று சூஸ் எழுதிய ‘தி கேட் இன் தி ஹேட்’ 1957இல் வந்தது. அதில் வெவ்வேறு சொற்கள் 236 மட்டுமே. 1960இல் வந்த ‘கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்’ 50 சொற்களுக்குள் முடிந்துவிட்டது. சொல்லைச் சுருக்கினால் சுவை குன்றும் என்ற அச்சத்தை இவ்விரு நூல்களும் போக்கின.

எளிய சொல்லுக்குள் ஆழமும் அடங்கும் என்பதற்கு அர்னால்டு லோபல் 1970இல் வெளியிட்ட தவளை, தேரைக் கதைகளைச் சொல்லலாம். தொகுப்பின் கடைசிக் கதையில் தேரைக்கு ஒருநாளும் கடிதம் வந்ததில்லை. அந்த வருத்தத்தோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. தவளை வீட்டுக்குப் போய் ஒரு கடிதம் எழுதி, அதை நத்தையிடம் கொடுத்து அனுப்புகிறது. நத்தை வந்து சேர நான்கு நாள் ஆகிறது. அதற்குள் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தவளையே சொல்லிவிடுகிறது. விஷயம் தெரிந்த பின்னும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கடிதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இந்தக் காத்திருப்பில் உள்ள நட்பை விளக்க ஒரு பெரிய சொல்கூட லோபலுக்குத் தேவைப்படவில்லை. கடைசியில் நீதி ஒன்றைச் சேர்க்கவும் அவர் முனையவில்லை. நம் சிறுவர் கதைகளின் இறுதிப் பத்தியில் வந்து உட்காரும் ‘ஆகவே குழந்தைகளே’ பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நூல்களின் வெற்றியைத் தமிழுக்குக் கொண்டுவர முயல்வோர் சொல்லெண்ணிக்கையையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் பல மொழிகளில் கதைகளை இலவசமாகத் தருகிறது; தமிழ்க் குழந்தைகளுக்கு அது செய்துள்ள நன்மை பெரிது. அதன் நிலைப் பகுப்பில் கதையின் சொல்லெண்ணிக்கைக்கு முக்கிய இடம் உண்டு. தமிழில் இந்த அளவை வழுக்கிவிடுகிறது. ‘பூனை பால் குடித்துக்கொண்டிருந்தது’ என்ற வாக்கியத்தில் மூன்றே சொற்கள். இதையே ஆங்கிலத்தில் சொல்ல ஐந்து சொற்கள் வேண்டும். எண்ணிப் பார்த்தால் தமிழ் வாக்கியம் எளிது. வாசிக்கும் குழந்தையைப் பார்த்தால் கதை வேறு. ‘குடித்துக்கொண்டிருந்தது’ என்ற சொல்லில் 12 எழுத்துகள். அவற்றுள் நான்கு மெய்யெழுத்துகள். ‘கு... டி... த்... து...’ என்று விரல் வைத்து நகரும் பிள்ளை ‘ருந்தது’ வரும்போது ‘குடி’யை மறந்திருக்கும். திரும்பவும் தொடக்கத்துக்குப் போகும். நடுவில் ‘கொ’ நிற்கிறது. காதில் முதலில் கேட்பது ககரம். கண்ணில் முதலில் படுவது ஒற்றைக்கொம்பு. ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் முரண்படும் இடத்தில் தொடக்கநிலை வாசகர் தயங்குவது இயல்பு.

அதே செய்தியைப் ‘பூனை பால் குடிக்கிறது’ என்றால் கடைசிச் சொல் ஆறு எழுத்தாகக் குறைகிறது. ‘பூனை பால் குடிக்கும்’ என்றால் ஐந்து. மூன்று வாக்கியங்களிலும் சொல்லெண்ணிக்கை ஒன்றே. வாசிப்புச் சுமையில் பெரிய வேறுபாடு. எனவே தமிழ் நூலின் நிலையைத் தீர்மானிக்க, பக்கத்தில் எத்தனை சொல் என்பதைவிட, மிக நீண்ட சொல்லில் எத்தனை எழுத்து, ஒரு சொல்லின்மேல் எத்தனை விகுதியும் துணைவினையும் ஏறியிருக்கின்றன என்பவை நம்பத்தக்க அளவைகள். ஆங்கில மூலத்தை உண்மையோடு பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர் காலத்தையும் வினைநிலையையும் காப்பாற்ற முயன்று நீண்ட வினைமுற்றுகளைக் குவித்துவிடுகிறார். முதல் நிலை நூல் தமிழுக்கு வரும்போது மூன்றாம் நிலையாகிவிடுகிறது. அட்டையில் மட்டும் முதல் நிலை என்றே இருக்கிறது.

எழுத்து வடிவத்தையும் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்துகள் 247 என்று சொல்லிக் குழந்தையை மிரட்டத் தேவையில்லை. ஆகாரக் காலும் இகரக் கொக்கியும் ஒருமுறை புரிந்தால் பல எழுத்துகளுக்கு உதவும். 1978இல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தம் 13 உயிர்மெய்களின் வடிவத்தை இப்படி ஒழுங்குபடுத்தியது. பூனை, யானை இரண்டின் கடைசி எழுத்தும் அதற்கு முன் துதிக்கையோடு அச்சானவைதாம். உகர, ஊகார வரிசைகளை அந்தச் சீர்திருத்தம் தொடவில்லை. கு, சு, து, மு என்று எழுதிப் பார்த்தால் குறி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக ஒட்டியிருப்பது தெரியும். தமிழ்ச் சொற்களில் கணிசமானவை உகரத்தில் முடிபவை என்பதால் இவற்றைத் தவிர்த்து எழுதவும் முடியாது. அடிக்கடி கண்ணில் பட்டுத்தான் இவை பழக வேண்டும். கன்னடக் குழந்தைகளின் வாசிப்பை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரை, இவ்வகை எழுத்துமுறையில் எழுத்துகள் அனைத்தும் வசப்படத் தொடக்கப் பள்ளிக் காலத்தின் பெரும்பகுதி தேவைப்படுவதைக் காட்டியது. தமிழில் எழுத்துகள் கன்னடத்தைவிடக் குறைவு. ஆனாலும் முதல் வகுப்பு முடிந்ததும் பிள்ளை எல்லா நூலையும் வாசித்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒரே சொல்லைச் சலிப்பின்றித் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் கதையமைப்பு இந்த ஆண்டுகளுக்கு இன்றியமையாதது.

மிகப் பெரிய தடை பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலான தொலைவு. வீட்டில் ‘குடிச்சுது’ என்று சொல்லும் பிள்ளை புத்தகத்தில் ‘குடித்தது’ என்று காண்கிறது. எழுத்துக்கூட்டி முடித்த பிறகு கிடைக்கும் ஒலி, தனக்குத் தெரிந்த சொல்லாக ஒலித்தால்தான் வாசித்தோம் என்ற மகிழ்ச்சி பிறக்கும். எழுத்தைக் கடந்தபின் அங்கே அந்நியச் சொல் நின்றால் உழைத்ததற்குப் பலன் இல்லை.

இதற்காகச் சிறுவர் நூல்களைப் பேச்சுத் தமிழிலேயே எழுதலாம் என்போர் உண்டு. அப்படியானால் எந்தப் பேச்சு? நெல்லையா, கொங்கா, யாழ்ப்பாணமா? ஓர் ஊர்ப் பிள்ளைக்கு உதவும் நூல் மற்றோர் ஊரில் இரட்டைச் சுமையாகும். பேச்சு வடிவங்களை எழுதும்போது எழுத்துக்கூட்டலும் ஆளுக்கொரு விதமாகிவிடும். மறுபக்கம், பேச்சு வழக்கு ஒரு சொல்கூட வரக்கூடாது என்ற பிடிவாதம் குழந்தையை மொழியின் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் தரப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் உருவாக்குவோரும் அந்த முடிவின் காரணங்களைக் கருத வேண்டும்.

நான் முன்வைக்கும் வழி நடுவில் இருக்கிறது. பேச்சும் எழுத்தும் பகிர்ந்துகொள்ளும் நிலப்பரப்பு நாம் நினைப்பதைவிட அகலமானது. திறமையுள்ள எழுத்தாளர் ஒரு முழு நூலையும் அதற்குள்ளேயே நடத்திவிடலாம். ‘சென்றான்’ ஏட்டில் மட்டும் வாழ்கிறது. ‘போனான்’ இரண்டிலும் வாழ்கிறது. ‘வீட்டிற்கு’ என்பதைவிட ‘வீட்டுக்கு’ நெருக்கமானது. இலக்கணமும் அதைத் தடுக்கவில்லை. ‘உண்டான்’ என்பதற்குச் ‘சாப்பிட்டான்’, ‘என்னுடைய’ என்பதற்கு ‘என்’. ‘வா’, ‘போ’, ‘பார்’ போன்ற ஏவல்களும், ‘இது என் வீடு’ போன்ற வினையில்லா வாக்கியங்களும் ஏறக்குறைய அப்படியே வாயில் புழங்குபவை. ‘வந்தான்’, ‘ஓடினான்’ போன்ற உயர்திணை இறந்தகால வினைகளில் வேறுபாடு ஒலிப்பளவில் நின்றுவிடுகிறது. ‘வந்தது’ ‘வந்துச்சு’வாகவும், ‘ஓடியது’ ‘ஓடுச்சு’வாகவும் மாறும் அஃறிணையில்தான் விரிசல் பெரிது. சிறுவர் கதைகளில் பாதிக்கு மேல் விலங்குகளே நடமாடுவதால் இந்த விரிசல் ஒவ்வொரு பக்கத்திலும் எதிர்ப்படுகிறது. நம் வாய்மொழிக் கதைசொல்லிகள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள்: நரியை நரியார் ஆக்கிவிட்டால் அவர் ‘வந்தார்’, ‘பார்த்தார்’, வேடிக்கையும் கூடும்.

புணர்ச்சியிலும் இதே நயம் வேண்டும். ‘பாலைக் குடித்தது’ என்பதில் மிகும் ஒற்றைக் குழந்தைக்காக விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பிழையான தமிழை முதல் புத்தகத்திலேயே கொடுப்பது துரோகம். ‘பால் குடித்தது’ என்று எழுதினால் ஒற்று மிகும் தேவையே எழாது. இலக்கணத்தை மீறாமல் இலக்கணச் சுமையைத் தவிர்க்கும் இந்தத் தேர்வைத் தொடக்கநிலை எழுத்தாளரின் கைத்திறன் என்பேன். பரிந்துரைப்போர் தேட வேண்டியது இந்தக் கைத்திறனை.

பாடலுக்கு இங்கே தனியிடம் உண்டு. அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் இத்தனை தலைமுறைகளின் நாவில் நிற்பதற்குக் காரணம் ஓசை என்று பொதுவாகச் சொல்வோம். வாசிப்பு நோக்கில் பார்த்தால் வேறொரு காரணமும் தெரிகிறது. சந்தமும் இயைபும் அடுத்து வரும் சொல்லை முன்கூட்டியே ஊகிக்க வைக்கின்றன. ஊகித்த சொல் அச்சில் இருப்பதைக் கண் உறுதி செய்துகொள்கிறது. எழுத்துக்கூட்டும் பாரம் பாதியாகக் குறைகிறது. மனப்பாடமாகச் சொல்வதை வாசிப்பு என்று எப்படி ஏற்பது என்று கேட்கலாம். தெரிந்த பாட்டின் வரியில் சொல்சொல்லாக விரல் வைத்து வரும் பிள்ளை, வாயிலிருந்து வரும் சொல்லையும் தாளில் இருக்கும் சொல்லையும் இணைக்கக் கற்கிறது. மனப்பாடம் அங்கே வாசிப்புக்கு ஏணி. திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடி முதல் பாடமானதும் தற்செயலாக நடந்ததில்லை: அகர வரிசை, சின்னஞ்சிறு வரிகள், எளிதில் நிற்கும் ஓசை. அதன் வடிவம் இன்றும் தொடக்கநிலை வாசகருக்கு ஏற்றது. பொருளை ஆறு வயதுப் பிள்ளையிடம் திணிக்கத் தேவையில்லை.

படத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. படம் வாக்கியத்தைத் திரும்பச் சொன்னால் குழந்தை படத்தைப் பார்த்துவிட்டு எழுத்தைத் தாண்டிப் போகும். எழுத்து சொல்லாததைப் படமும், படத்தில் இல்லாததை எழுத்தும் சொல்லும் நூலே இரண்டையும் வாசிக்க வைக்கும். படத்தின் மேல் எழுத்தை அச்சிடுவதும், வரி போதாமல் நீண்ட சொல்லை இரண்டாக உடைப்பதும் தொடக்கநிலை நூலில் பொறுக்க முடியாத குறைகள்.

இந்த அளவைகளைப் பயன்படுத்த இன்று நல்ல வாய்ப்பு அமைந்திருக்கிறது. முதல் மூன்று வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் தொடங்கியது. அடுத்த ஆண்டில் அரசுப் பள்ளிகளில் வந்த வாசிப்பு இயக்கம் தன் நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாகப் பிரித்தது. வகுப்பை விட்டு வாசிக்கும் திறனைப் பார்த்த பகுப்பு அது. பெயர்களே பிள்ளைக்குப் புரிகின்றன. எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகளில், வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதும் ஒன்று. எழுத்துக்கூட்டும் பிள்ளையையும் அவர் சொன்ன வாசகராகக் கொண்டால் நூலகங்களின் சிறுவர் பகுதியில் அடுக்கும் முறையே மாறும்: வாசித்துக் காட்டும் நூல்களுக்கு ஒரு தட்டு, தானே வாசிக்கும் நூல்களுக்குக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வேறொரு தட்டு.

பரிந்துரைக் குறிப்பும் மாற வேண்டும். ‘அருமையான படங்கள், நல்ல கருத்து, 6–8 வயது’ என்ற வரியால் எந்தப் பெற்றோருக்கும் பயனில்லை. நூலில் உள்ள மிக நீண்ட சொல் எது, எந்தச் சொற்கள் திரும்ப வருகின்றன, வாக்கியம் பேச்சுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, கதையில் குழந்தை அடுத்த பக்கத்தைத் திருப்ப என்ன காரணம் இருக்கிறது என்பவற்றை ஐந்தாறு வரியில் எழுதிவிடலாம். எழுதுவதற்கு முன் பரிந்துரைப்போர் அந்த நூலை முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் படிக்கும் சில பிள்ளைகளிடம் கொடுத்து, உதவி செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எந்தச் சொல்லில் நிற்கிறார்கள், எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், முடித்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போகிறார்களா என்று குறித்துக்கொள்ள வேண்டும். தேர்வுக் குழுக்களில் எழுத்தாளர், பேராசிரியர், பதிப்பாளர் ஆகியோரோடு முதல் வகுப்பு ஆசிரியர் ஒருவரும் சம உரிமையோடு அமர வேண்டும். தொடக்கநிலை நூல்களைப் பொறுத்தவரை அவர் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்த பிறகே மற்றவர்கள் மதிப்பெண் இட வேண்டும்.