ஜான் பெய்ஸ்லி: ஒரு மரணம், இரு கேள்விகள்

சி.ஐ.ஏ. அதிகாரி ஜான் ஆர்தர் பெய்ஸ்லி 1978இல் இறந்ததைப் பற்றி எழுதியவர்களில் பலர் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். அவர் எப்படி இறந்தார் என்பது ஒன்று. சோவியத் ஒன்றியத்துக்கு விலைபோனவரா என்பது மற்றொன்று. முதற்கேள்வி தெளியாதபோது, துரோகி என்பதால் கொல்லப்பட்டிருப்பார் என்கிறார்கள். துரோகத்துக்குச் சான்று என்ன என்று கேட்டால், அந்த மரணத்தையே சுட்டுகிறார்கள். நம் உரையாசிரியர்கள் ‘ஒன்றனையொன்று பற்றுதல்’ என்று கடிந்து விலக்கிய குற்றம் இது. மரணத்தில் புதிர் இருப்பது உண்மை. துரோகக் குற்றச்சாட்டுக்கோ அந்தப் புதிரைத் தவிர வேறு கைம்முதல் இல்லை என்பதே என் வாதம்.

பெய்ஸ்லி 1953இல் சி.ஐ.ஏ.வில் சேர்ந்தார். சோவியத் படைவலிமையை மதிப்பிடும் வியூக ஆய்வு அலுவலகத்தின் துணை இயக்குநராக உயர்ந்து, 1974இல் ஓய்வு பெற்றார். ஆனால் வாசல் முழுவதும் அடைபடவில்லை. நிறுவனத்தின் சோவியத் மதிப்பீடுகளைச் சோதிக்க 1976இல் வெளியாட்களைக் கொண்டு ‘பி அணி’ அமைக்கப்பட்டபோது, சி.ஐ.ஏ. தரப்பில் அதை ஒருங்கிணைத்தவர் அவரே.

1978 செப்டம்பர் 24 அன்று செசபீக் விரிகுடாவில் ‘பிரில்லிக்’ என்ற தம் பாய்மரப் படகில் தனியே சென்றார். மறுநாள் அப்படகு ஆளில்லாமல் பாயின்ட் லுக்கவுட் அருகே தரைதட்டிக் கிடந்தது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 1 அன்று உடல் மிதந்தது. இடுப்பில் முக்குளிப்போர் அணியும் எடைப்பட்டைகள், ஏறக்குறைய 17 கிலோ. இடக்காதுக்குப் பின்னால் குண்டுக்காயம். பெய்ஸ்லி வலக்கைப் பழக்கமுள்ளவர். படகில் துப்பாக்கியும் இல்லை, இரத்தக் கறையும் இல்லை.

இவற்றை வரிசையாக அடுக்கினாலே கொலை என்று தோன்றிவிடும். அடுக்கும் முறையே பாதி வாதம். இதே விவரங்களை வேறு வகையிலும் கோக்கலாம். எடைப்பட்டைகளைக் கட்டிக்கொண்டு படகின் விளிம்பில் நீரை நோக்கிச் சாய்ந்த நிலையில் ஒருவர் சுட்டுக்கொண்டால், உடலும் துப்பாக்கியும் கடலில் விழும். தளத்தில் கறை படியாது. உடல் கிடைக்கக் கூடாது என்று நினைப்பவருக்கு எடை தேவை; தற்கொலை செய்பவரும் அப்படி நினைக்கக் கூடும். மனைவியைப் பிரிந்து வாழ்ந்தவர் அவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் வலக்கைக்காரர் ஏன் இடக்காதுக்குப் பின்னால் சுட்டுக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி இந்த விளக்கத்துக்கு முழுதாக அடங்குவதில்லை. மேரிலாந்து அதிகாரிகள் மரணத்தின் தன்மையை ‘தீர்மானிக்க இயலாதது’ என்று பதிந்ததைப் பலர் மழுப்பலாகக் கருதுகிறார்கள். எனக்கு அது இந்த வழக்கின் மிக நேர்மையான வாக்கியமாகத் தெரிகிறது.

அடையாளச் சிக்கல் தனி. ஒரு வாரம் நீரில் ஊறிய உடலின் கைகளை வெட்டியெடுத்து, ரேகை பார்க்க எஃப்.பி.ஐ.க்கு அனுப்பினார்கள். உடலின் அளவாகக் குறிக்கப்பட்ட உயரம் பெய்ஸ்லியின் பழைய பதிவேட்டில் இருந்ததைவிட நான்கு அங்குலம் குறைவு. மனைவி மேரியான் உடலைப் பார்க்காமலேயே எரியூட்டல் முடிந்தது. போதாததற்கு, ரகசியங்கள் அதிகம் கைக்கு எட்டாத பகுதிநேர ஆலோசகர் என்பது போல நிறுவனம் முதலில் பேசியது; பி அணியின் ஒருங்கிணைப்பாளருக்கு அந்த வருணனை சிறிதும் பொருந்தவில்லை. மேரியானும் ஒருகாலத்தில் சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்தவர் என்பதால் இந்தக் குறுக்கல் அவரிடம் எடுபடவில்லை. ஐயத்தை வளர்த்ததில், சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.யைப் பற்றிய எந்தக் கதையையும்விட நிறுவனத்தின் அந்த அறிக்கைக்கே பங்கு அதிகம் என்பேன். ஆயினும் இவையெல்லாம் சவப்பரிசோதனையும் செய்தித்தொடர்பும் சறுக்கிய இடங்கள். இவற்றிலிருந்து ஒருவரின் விசுவாசத்தைப் பற்றி எந்த முடிபும் பிறக்காது.

அப்படியானால் துரோகக் கதை எங்கிருந்து வந்தது? கே.ஜி.பி.யிலிருந்து 1961இல் கட்சி மாறி வந்த அனதோலி கோலிட்சின், சி.ஐ.ஏ.வுக்குள் சோவியத் உளவாளி ஊடுருவியிருப்பதாகச் சொன்னதை எதிருளவுப் பிரிவின் தலைவர் ஜேம்ஸ் ஆங்கிள்டன் நம்பினார். ஆண்டுக்கணக்கில் வேட்டை நடந்தது. கடைசியில் அப்பிரிவைச் சேர்ந்த ஒருவரே ஆங்கிள்டன்தான் அந்த உளவாளி என்று வாதிட்டார்! 1974இன் இறுதியில் ஆங்கிள்டன் வெளியேற்றப்பட்டார்; தேடிய உளவாளியோ அகப்படவில்லை. காலியாகக் கிடந்த அந்த நாற்காலியில் 1978இல் ஒரு சடலத்தை உட்காரவைத்தார்கள். சோவியத் வலிமையை நிறுவனம் குறைத்து மதிப்பிட்டது என்று ஏற்கெனவே நம்பியவர்களுக்கு, மதிப்பீட்டுப் பிரிவில் உயர்பதவி வகித்தவர் துரோகியாக இருப்பது வசதியாகவும் இருந்தது.

உளவாளி ஒருவர் இருந்தார் என்றால் அவரால் நேர்ந்த இழப்பும் இருக்க வேண்டும். அக்காலத்து இரு பெரிய இழப்புகளுக்கு வேறு கைகள் பிடிபட்டுள்ளன. கே.ஹெச்.-11 உளவுச் செயற்கைக்கோளின் கையேட்டை ஏதென்ஸில் 3,000 டாலருக்கு விற்ற வில்லியம் காம்பைல்ஸ், பெய்ஸ்லி இறப்பதற்கு முந்தைய மாதமே கைதானார். மாஸ்கோவில் அமெரிக்காவுக்கு உளவு சொல்லி 1977இல் சிக்கிய அலெக்சாந்தர் ஒகரோத்னிக்கைக் காட்டிக்கொடுத்தவர், சி.ஐ.ஏ.வில் மொழிபெயர்ப்பாளராக நுழைந்திருந்த செக் உளவாளி கார்ல் கோச்சர் என்பது பரவலாக ஏற்கப்பட்டது. அவர் 1984இல் பிடிபட்டார். இவ்விரண்டையும் கழித்தால் பெய்ஸ்லியின் கணக்கில் எழுத எதுவும் மிஞ்சவில்லை.

சான்று இல்லாததே திறமையான உளவாளிக்குச் சான்று என்பாரும் உண்டு. அதை வாதமாக ஏற்றால் சி.ஐ.ஏ.வில் பணியாற்றிய எவரையும் விடுவிக்க முடியாது. பெய்ஸ்லியின் பணிப் பெருமையைக் குறைக்கும் எதையும் காணவில்லை என்ற முடிவை செனட் உளவுத்துறைக் குழு 1980இல் வெளியிட்டது. விசாரணையின் முழு அறிக்கையை வெளியிடவில்லை. அந்த மறைப்பு ஐயவாதிகளுக்கு உதவியது போலவே பெய்ஸ்லிக்குத் தீங்கும் செய்தது. துரோகத்துக்குச் சான்றில்லை என்ற என் முடிபை நான் மாற்றிக்கொள்ள வேண்டுமானால், அவர் மட்டுமே அறிந்திருக்கக்கூடிய ஒரு ரகசியம் மாஸ்கோவை அடைந்தது என்றோ, அவர் பெயர் பதிந்த கே.ஜி.பி. கோப்பு ஒன்று இருக்கிறது என்றோ யாராவது காட்ட வேண்டும். குண்டு எந்தக் காதருகே பாய்ந்தது என்பது அதற்குப் போதாது.