சேர்வராயன் மலையில் ஒரு காவிரியம்மன்

உளுந்து பிடுங்கி, அடித்து, மூட்டை கட்டி முடித்த பிறகு எங்க பக்கத்து விவசாயிக்கு ஒரு ரெண்டு மாசம் கை கொஞ்சம் ஓயும். ஆத்துல தண்ணி இருக்காது. வயல் வெடிச்சுக் கிடக்கும். அப்படி ஒரு பங்குனி மாசத்துல சேலத்துல இருக்கிற மச்சான் கூப்பிட்டான். "அத்தான், எப்பப் பாத்தாலும் வயலு வயலுன்னு கிடக்குறீங்களே, ஏற்காடு வாங்க, ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்" என்றான். நானும் வீட்டுக்காரியும் கிளம்பிவிட்டோம்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. தஞ்சாவூர்க்காரனுக்கு மேடு என்றால் வரப்பு, பள்ளம் என்றால் வாய்க்கால். வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டியது. மேலே ஏறி இறங்கினால் முதலில் கண்ணில் பட்டது ஏரி. ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்று பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும் வெள்ளைக்கார அதிகாரிகள் கரை கட்டித் தேக்கியவை. இந்த ஏரி மலை மடிப்பில் இயற்கையாகவே அமைந்தது என்பது இங்கே உள்ளவர்களின் பெருமை.

ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூர் அருவியாக 300 அடி கீழே விழுகிறது. நாங்கள் போனது கோடை. பாறையில் ஈரம் மட்டும் இருந்தது. அருவி பார்க்கணும் என்கிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். ஆனால் எங்களுக்கு வேறொன்று கிடைத்தது. நாலு நாள் முந்தி ஒரு மழை பெய்திருந்ததால் காபித் தோட்டமெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. மல்லிகை மாதிரி வாசம். சவுக்கு மரம் என்று நான் நினைத்தது சில்வர் ஓக் மரமாம். அதில்தான் மிளகுக் கொடியை ஏற்றியிருக்கிறார்கள்.

இந்தக் காபிக்கு வயது இருநூறு. 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர்தான் காபியையும் பழமரங்களையும் இங்கே கொண்டுவந்து வைத்தவர். அவருக்கு வெகு காலம் முன்பிருந்தே மலையில் இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளி இல்லை. மலையை ஆள்கிற தமிழ் பேசும் பழங்குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து போன கதையை அவர்கள் சொல்வார்கள். சாமையும் கேழ்வரகும் அவர்கள் வெள்ளாமை.

அதற்கும் முன்னால்? அதைத் தேடியவர் ஒருவரும் இங்கேதான் வந்து தங்கினார். ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்த நாட்டு மனிதனின் வயதையே மாற்றி எழுத வைத்த நிலவியலாளர். ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் வீடு போட்டுக்கொண்டார். 1912இல் இறந்தார், அவர் நினைவுக்கல் இங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. இந்த மலையில் புதிய கற்காலத்து வழவழப்பான கற்கோடரிகள் கிடைத்திருக்கின்றன. மலை ஜனங்கள் அவற்றைச் சின்னக் கோயில்களில் சாமியாக வைத்துக் கும்பிட்டும் வந்திருக்கிறார்கள். காடு திருத்திய ஆயுதம் அல்லவா, கும்பிடத்தான் வேண்டும். நாம் ஏருக்குப் பொட்டு வைப்பதில்லையா?

ஃபுட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். 6,000க்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டவர். அவரும் 1882இல் ஏற்காட்டில்தான் கண்ணை மூடினார். மருமகன் கல்லைப் பொறுக்கினார், மாமனார் சொல்லைப் பொறுக்கினார்!

கல் என்றதும் எங்க ஊர் ஞாபகம் வந்துவிடும். தஞ்சாவூர் வயலில் எத்தனை அடி தோண்டினாலும் களியும் மணலும்தான். பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்து வந்தது. சேர்வராயன் மலையோ சார்னோக்கைட் என்கிற பாறை. சுமார் 250 கோடி வருஷத்துப் பழசு. மேலே படிந்த பாக்சைட்டை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோன காலமும் உண்டு. இந்த மாதிரிப் பாறை மழையில் கரைந்து, உடைந்து, ஆற்றோடு உருண்டு மாவானதுதானே எங்க வண்டல்? நான் உழுவது மலையைத்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் காலையில் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். 5,300 அடிக்கு மேலே, மலையின் உச்சியில் பரந்த மேட்டு நிலம். கோயில் என்றால் கோபுரம் இல்லை. குனிந்து போகிற குகை. உள்ளே ரெண்டு சாமி. ஒன்று சேர்வராயன். இன்னொன்று யாரென்று கேட்டேன்.

"காவிரியம்மனுங்க" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர்.

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்து நாங்கள் கும்பிடுகிற அதே அம்மன். நூறு மைலுக்கும் அப்பால், மலை உச்சியில் குகைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். சேர்வராயன் என்றால் மலை, அம்மன் என்றால் ஆறு. குகை உள்ளே போய்க் காவிரியைத் தொடுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. வைகாசி வாக்கில் திருவிழா நடக்குமாம்.

"நீங்க எந்த ஊருங்க?"

"தஞ்சாவூர் பக்கம்."

"அப்ப நம்ம தண்ணி வந்து சேர்ற ஊருன்னு சொல்லுங்க" என்று சிரித்தார்.

நம்ம தண்ணி. அந்தச் சொல் முள் மாதிரித் தைத்தது. ஏனென்றால் மேட்டூர் உபரி நீரைச் சேலம் மாவட்டத்து 100 ஏரிகளுக்கு ஏற்றுகிற சரபங்கா நீரேற்றுத் திட்டம் 2020இல் வந்தபோது, டெல்டாவில் எதிர்த்து நின்றவர்களில் நானும் ஒருவன். ஜூன் 12க்கு மேட்டூர் திறக்குமா, குறுவை உண்டா இல்லையா என்று வருஷா வருஷம் வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்து நிற்கிறவனுக்கு, உபரி என்று சொல்லி ஆரம்பிப்பது எங்கே போய் முடியுமோ என்கிற பயம். அந்தப் பயம் இன்றும் போகவில்லை. 93.47 டிஎம்சி பிடிக்கிற அணை எத்தனை வருஷம் காய்ந்து கிடந்திருக்கிறது!

ஆனால் நான் யோசிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. இந்த மலையில் மேற்கே இறங்குகிற தண்ணீர்தான் சரபங்கா. ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரியில் சேர்கிறது. தெற்கே இறங்குவது திருமணிமுத்தாறு. சேலம் நகரத்துச் சாக்கடையையும் சுமந்துகொண்டு நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் விழுகிறது. வடக்கே வாணியாறு மட்டும் தென்பெண்ணைக்குப் போய்விடுகிறது. முதல் இரண்டும் மேட்டூருக்குக் கீழே சேர்கிறவை. 1934இல் கட்டிய அணையின் கணக்குப் புத்தகத்தில் இந்தத் தண்ணீர் வராது. நேராக முக்கொம்பு, கல்லணை, எங்க வாய்க்கால். ஐப்பசி அடைமழையில் சம்பாப் பயிருக்கு வருகிற கலங்கல் தண்ணீரில் இவர்கள் மலையும் கொஞ்சம் கரைந்து வருகிறது. நாங்கள் அதற்கு ஒருநாளும் கணக்கு வைத்ததில்லை.

இறங்கும்போது லேடீஸ் சீட்டில் நிறுத்தினான் மச்சான். வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணை தெரியுமாம். அன்றைக்குப் புகை மூட்டம். சேலம் நகரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வீட்டுக்காரி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?" என்றாள். அணையைத்தான் சொன்னாள்.

உபரிநீர்க் கூட்டம் இன்னொன்று போட்டாலும் நான் போவேன். எங்க பங்கைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் மேட்டில் இருப்பவனைத் தண்ணீர் திருடுகிறவன் என்று மேடையில் யாராவது பேசினால், எழுந்து அந்தக் குகையைப் பற்றிச் சொல்வேன். நீங்கள் ஏற்காடு போனால் படகில் ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பிவிடாதீர்கள். மேலே ஏறிப்போய் அம்மனையும் பாருங்கள். நீங்கள் சாப்பிடுகிற சோற்றுக்கு அங்கேயும் ஒரு வேர் இருக்கிறது.