சிரட்டையிலிருந்து திரை வரை: எமது கல்லூரியில் புவியியல் கற்ற நூறு ஆண்டுகள்

நூற்றாண்டு மலருக்காக நாம் நினைவுக் குறிப்புகள் கேட்டு எழுதியபோது, சங்கீத மண்டபமும் வலைப்பந்துத் திடலும் பற்றியே அதிகம் வருமென்று நினைத்திருந்தோம். எதிர்பாராத விதமாக, பல நாடுகளிலிருந்து வந்த கடிதங்களில் மேல்மாடிப் புவியியல் அறை திரும்பத் திரும்ப வந்தது. சுவரில் சுருட்டித் தொங்கிய துணித் தேசப்படங்கள், அச்சு சாய்ந்த பூகோள உருண்டை, அதைச் சுழற்றியதற்காக வாங்கிய ஏச்சு எல்லாம் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதங்களை வைத்துக்கொண்டு, எமது பிள்ளைகள் இப்பாடத்தை எப்படிக் கற்றார்கள், பரீட்சைக்கு எதை வைத்து மீட்டார்கள் என்பதைத் தொகுத்துத் தர முயன்றிருக்கிறோம்.

தூரதேசத்துப் பாடம்

சங்கம் தொடங்கிய காலத்தில் பாடத்தின் பெயர் பூமிசாஸ்திரம். மேல் வகுப்புகளில் மொழி ஆங்கிலம். கேம்பிரிட்ஜ் சீனியர், இலண்டன் மெற்றிக்குலேசன் பரீட்சைகளுக்காக இங்கிலாந்தின் நிலக்கரி வயல்களையும் கனடாவின் கோதுமையையும் ஆஸ்திரேலியாவின் கம்பளியையும் மனனம் செய்தார்கள். சொந்தத் தீவைப் பற்றிப் படிக்க எல்சி குக் எழுதிய நூல் 1931இல் வந்தது. அதைப் பேராசிரியர் கா. குலரத்தினம் திருத்தியமைத்த பதிப்பு 1951இல் வெளியாயிற்று. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் புவியியற் கல்வியைக் கட்டியெழுப்பியவர்களுள் அவர் முதன்மையானவர்.

அக்காலத்து மூத்த பழைய மாணவி ஒருவர் எழுதுகிறார்: “மொன்சூன் என்று ஆங்கிலத்தில் பத்து வரி ஒப்புவிப்போம். வீட்டில் அப்பு வாடை பெயர்ந்துவிட்டது என்று சொல்லுவார். இரண்டும் ஒரே காற்று என்று எனக்கு விளங்கவே இரண்டு வருடம் சென்றது.”

1950களின் பிற்பகுதியிலிருந்து மேல் வகுப்புகளும் தாய்மொழிக்கு மாறின. சமவுயரக் கோடு, இடவிளக்கப்படம், அயனமண்டலம் என்ற சொற்கள் கரும்பலகைக்கு வந்தன. புத்தகங்கள் போதாமல் இருந்த அந்த ஆண்டுகளில் ஆசிரியைகள் ஆங்கில நூல்களை இரவில் தமிழாக்கி மறுநாள் குறிப்புச் சொன்னார்கள். செங்கை ஆழியான் என்ற பெயரில் ‘வாடைக்காற்று’ நாவலை எழுதிய க. குணராசா, புவியியற் பட்டதாரியாகத் தமிழில் எழுதிய பாடநூல்கள் பின்னர் உயர்தர மாணவியரின் கைகளில் தவழ்ந்தன. கதைக்காக அவரைத் தெரிந்தவர்களைவிடப் பரீட்சைக்காகத் தெரிந்தவர்களே எம்மில் அதிகம்.

மலை காணாத பிள்ளைகளும் சமவுயரக் கோடும்

குடாநாட்டுப் பிள்ளைக்குப் புவியியலில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. எமது மண் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மேல் தட்டையாகக் கிடப்பது. மலை இல்லை, வற்றாத ஆறும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறுதான் எமக்குத் தெரிந்த ஆறு. இப்படிப்பட்ட பிள்ளைக்கு நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குலப் படத்தில் மலைநாட்டுத் துண்டொன்றைக் கொடுத்து, இது பள்ளத்தாக்கா சுவடா என்று கேட்டால் என்ன செய்வாள்?

இதற்கு ஒரு ரீச்சர் கண்ட வழியைப் பல கடிதங்கள் சொல்கின்றன. தேங்காய்ச் சிரட்டையைத் தண்ணீர்ப் பேசினில் கவிழ்த்து வைப்பார். ஒரு பேணி தண்ணீர் ஊற்றி, நீர்மட்டம் தொடும் இடத்தைச் சுற்றிச் சோக்கால் கோடு. இன்னொரு பேணி, இன்னொரு கோடு. பிறகு நீரை ஊற்றிவிட்டு, கதிரையில் ஏறி மேலிருந்து பார்க்கச் சொல்லுவார். வட்டத்துக்குள் வட்டம். “செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருங்கி நிற்குது பார்” என்று அவர் சொன்னதை எழுபது வயதிலும் மறக்காதவர்கள் இருக்கிறார்கள். யாழ்தேவியில் ஏறிச் சுற்றுலா போய்க் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கண்டபோது “ரீச்சரின் சிரட்டை!” என்று பெட்டி முழுவதும் கத்தினார்களாம்.

1972இன் கல்விச் சீர்திருத்தத்தில் புவியியல், வரலாறு, குடியியல் மூன்றும் கீழ் வகுப்புகளில் சமூகக்கல்வி என்ற ஒரு பாடத்துள் சேர்ந்தன. உயர்தரத்தில் மட்டும் மேல்மாடி அறை தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது.

எண்ணெய்த் தாள்

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. சனிக்கிழமைகளில் அங்கே போய்க் குறிப்பெடுத்த எமது ஆசிரியைகளுக்கு அது சொந்த வீட்டு இழவு. 1990இலிருந்து ரயிலும் இல்லை, மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் கடதாசிக்கும் தட்டுப்பாடு. அந்த ஆண்டுகளில் உயர்தரம் எடுத்தவர்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். வரைபடம் பிரதிபண்ண ஊடுகாண் தாள் கிடைக்காததால், கொப்பித் தாளில் தேங்காயெண்ணெய் தடவி, அது ஒளி ஊடுருவும் பதத்துக்கு வந்ததும் படத்தின் மேல் வைத்து வரைந்தார்கள். கடந்தகால வினாத்தாள் ஒன்று வகுப்புக்கு வந்தால் அது இரவோடிரவாகக் கையால் எழுதப்பட்டு வீடு வீடாகப் போகும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது அரிசியோடும் உடுப்போடும் அந்தக் கையெழுத்துப் பிரதிகளையும் தென்மராட்சிக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. எண்ணெய் மணம் மாறாத அப்படியான தாள் ஒன்று இன்று எமது சங்க அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது.

திரையில் மீட்டல்

இன்றைய பிள்ளைக்குக் கிடைப்பவற்றைப் பார்த்தால் அந்தத் தலைமுறைக்குப் பெருமூச்சு வரும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் முழுவதும் இணையத்தில் இலவசம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தரம் தரமாகப் பாடங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் எண்ணிம நூலகத்தில் பழைய தமிழ்ப் புவியியல் நூல்களையும் சஞ்சிகைகளையும் தேடிப் படிக்கலாம். கூகிள் ஏர்த்தில் விரலால் இழுத்தால் மகாவலி கடலில் சேரும் இடம் கண்முன்னே.

ஆயினும் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோதுதான் இந்தச் செல்வம் எல்லோர் வீட்டுக்கும் போகவில்லை என்பது தெரிந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி. அதுவும் தகப்பன் வேலையால் வந்த பிறகு. படம் இறங்க டேற்றா போதாது. ஆசிரியை வட்ஸ்அப்பில் குரற்பதிவு அனுப்ப, பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வரைந்தார்கள். தமிழில் தேடினால் வருபவற்றுள் பெரும்பங்கு தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். எமது அயனமண்டலம் அங்கே வெப்பமண்டலம். புள்ளியிடும் திட்டத்தில் எந்தச் சொல்லை எதிர்பார்ப்பார்கள் என்று பிள்ளை தடுமாறினாள்.

அந்த வேளையில்தான் வெளிநாட்டுக் கிளைகளின் சகோதரிகள் கைகொடுத்தார்கள். சிலர் கைத்தொலைபேசிக்குப் பணம் அனுப்பினார்கள். முன்பு இங்கே புவியியல் படித்தவர்கள் சூமில் மீட்டல் வகுப்பு நடத்தினார்கள். முதல் வகுப்பின் கதை இப்போதும் சொல்லிச் சிரிக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் மாலை 7 மணிக்கு வகுப்பு. ரொறன்ரோவில் அப்போது எத்தனை மணி என்று கணித்துச் சொல்லும் பொறுப்பு ஒரு மாணவிக்கு. எமது நியம நெடுங்கோடு 82½° கிழக்கு, அங்கே 75° மேற்கு, மொத்தம் 157½°, பாகைக்கு 4 நிமிடம், ஆகவே 10½ மணித்தியாலம். காலை 8.30 என்று அறிவித்தாள். அக்கா சொன்ன நேரத்துக்கு வந்து ஒரு மணித்தியாலம் தனியே காத்திருந்தார்! அங்கே கோடைகாலத்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைப்பார்கள் என்பதை எவரும் நினைக்கவில்லை. பிள்ளை அழாக்குறையாக மன்னிப்புக் கேட்க, “கணக்குக்கு முழுப் புள்ளி, அம்மா. மணிக்கூட்டில்தான் பிழை” என்று சொல்லி, அன்றைய பாடமாக நேரவலயத்தையே எடுத்தார் அக்கா. கனடாவின் கோதுமையை மனனம் செய்த பாட்டிமாரின் பேத்திகளுக்குக் கனடாவிலிருந்தே பாடம் வந்தது.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திரையில் வரும் பல்தேர்வு வினாக்களைச் செய்து செய்து, விடை இலக்கத்தை மட்டும் நினைவில் வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. நிலாவரைக் கிணறு பற்றிய வினாக்கள் அத்தனையும் சரியாகச் செய்த மாணவி ஒருத்தி, புத்தூருக்குத் தான் ஒருநாளும் போனதில்லை என்றாள். அடுத்த மாரியில் ஆசிரியை உயர்தர வகுப்பை வழுக்கையாற்றின் வழியே, தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து அராலிக் கடல்நீரேரி வரை அழைத்துச் சென்றார். கையில் 1:50,000 படமும் கைத்தொலைபேசியும். திரையில் மங்கலாகத் தெரிந்த ஒரு மதகைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடித்துப் படத்தில் குறித்தார்கள்.

சாதாரண தரத்தில் இன்று புவியியல் தெரிவுப் பாடம். எடுக்கும் பிள்ளைகள் குறைந்தால் மேல்மாடி அறை வேறொரு தேவைக்குப் போய்விடும் என்ற கவலை எமக்கு உண்டு. ஆகவே எங்கெங்கோ வாழும் பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டகங்களில் பழைய புவியியற் கொப்பிகள், எண்ணெய்த் தாள்கள், கையெழுத்து வினாத்தாள்கள் இருந்தால் படம்பிடித்து அனுப்புங்கள். எமது சொற்களில், எமது பாடத்திட்டத்துக்கு ஏற்ற மீட்டற் தொகுப்பொன்றை, டேற்றா இல்லாத வீட்டிலும் வாசிக்கத்தக்க அச்சுப் பிரதியோடு, ஆசிரியைகள் தயாரித்து வருகிறார்கள். அதன் முதற் பக்கத்தில் பேசினுக்குள் கவிழ்த்த சிரட்டையின் படம் ஒன்று போடுவதாக முடிவாகியிருக்கிறது.